பெர்சீட் எரிகல் பொழிவு: மணிக்கு நூறு என்கிறார்கள், நம் கண்ணில் ஏன் படுவதில்லை?

மாடிப்படி

ஆகஸ்ட் வந்தாலே செய்தித் தளங்களில் அதே தலைப்பு: வானில் வாணவேடிக்கை, மணிக்கு நூறு எரிநட்சத்திரங்கள். போன வருடம் நானும் நம்பி, 12ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு மாடிக்குப் போனேன். கால் மணி நேரம் அண்ணாந்து நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஓரமாக ஏதோ ஒன்று ஓடியது போல இருந்தது, அதுவும் விமானமோ என்னவோ.

இந்த 2026லும் அதே தலைப்புகள் கிளம்பிவிட்டன. வெளிப்படையாகவே கேட்கிறேன். இது உண்மையிலேயே பார்க்கத் தகுந்த விஷயமா, இல்லை படம் எடுப்பவர்கள் ஊதிப் பெரிதாக்கியதா? பார்க்கலாம் என்றால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், என்ன கருவி வேண்டும்?

துருவன்

மூன்று விஷயம் சேர்ந்து உங்கள் காலை வாரியிருக்கிறது.

2025இல் ஆகஸ்ட் 9 பௌர்ணமி. 12-13 இரவில் நிலா இன்னும் முக்கால் வட்டத்துக்கு மேல் இருந்தது. மங்கலான எரிகற்கள் அந்த வெளிச்சத்திலேயே கரைந்துபோகும். இரண்டாவது, நீங்கள் போன நேரம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரி வாக்கில் இருப்பவருக்குப் இந்த எரிகற்கள் கிளம்பி வருவது போலத் தெரிகிற பெர்சியஸ் விண்மீன்குழு வடகிழக்கில் தலைகாட்டுவதே பதினொரு மணியை ஒட்டித்தான். அது அடிவானத்தில் இருக்கும்போது வருகிற எரிகற்களில் பெரும்பகுதி பூமிக்கு அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருக்கும். மூன்றாவது, கால் மணி நேரம் போதவே போதாது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கண் தயாராகும் முன்பே இறங்கிவிட்டீர்கள்.

இந்த வருடம் ஆகஸ்ட் 12 அமாவாசை. உச்ச இரவும் அமாவாசையும் இப்படி ஒன்றாக அமைவது அடிக்கடி கிடைக்காது. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிழக்கு வெளுக்கத் தொடங்கும் வரை படுத்துக்கொண்டு பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். தொலைநோக்கி, பைனாகுலர் இரண்டுமே இதற்கு இடைஞ்சல்தான், வானத்தில் ஒரு துண்டைத்தான் காட்டும்.

கணக்கன்

அந்த "மணிக்கு நூறு" எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இத்தனை ஏமாற்றம். அது இசட்.எச்.ஆர். என்ற அளவு. பொழிவின் மையம், அதாவது எரிகற்கள் விரிந்து வருவது போலத் தெரிகிற பெர்சியஸிலுள்ள புள்ளி, நேர் உச்சியில் நிற்க வேண்டும், வெறும் கண்ணுக்கு 6.5 ஒளியளவு (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) வரை விண்மீன்கள் தெரிகிற அப்பழுக்கற்ற இருட்டு இருக்க வேண்டும், மேகம், மரம், கட்டடம் எதுவும் மறைக்கக் கூடாது. அப்படி ஓர் இடத்தில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்பதுதான் அந்த எண். வெவ்வேறு இடங்களில் எண்ணியவர்களின் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க உண்டாக்கிய அளவு அது. உங்களுக்கோ எனக்கோ கொடுத்த வாக்குறுதி அல்ல.

நம் வானத்துக்கு அதை இறக்கிக்கொண்டு வருவது எளிது. மையத்தின் உயரக் கோணத்துக்கு சைன் எடுத்துப் பெருக்குங்கள். பிறகு வானம் 6.5க்கு எத்தனை ஒளியளவு குறைவோ, ஒவ்வொன்றுக்கும் 2.2ஆல் வகுங்கள்.

வடக்கே 10 டிகிரியில், அதிகாலை நாலு மணிக்கு மையம் ஏறத்தாழ 38 டிகிரி உயரத்தில் இருக்கும். சைன் 0.62. நூறு அங்கேயே 62 ஆகிவிட்டது. நகரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, 5ஆம் ஒளியளவு வரை தெரிகிற வானம் என்றால் மணிக்குப் பத்தொன்பது. தெருவிளக்கு நடுவில், 4ஆம் ஒளியளவு என்றால் எட்டு ஒன்பது.

இன்னொன்று. இவை வரிசையில் நின்று சீராக வருபவை அல்ல. மணிக்கு எட்டு ஒன்பது வருகிற வானத்தில் ஐந்து நிமிடம் நின்றால், ஒன்றுமே தெரியாமல் போக ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து நிமிடம் வெறிச்சோடிக் கிடந்துவிட்டு அடுத்த நிமிடமே மூன்று ஓடும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலானவர்கள் "எல்லாம் புரளி" என்று எழுந்து போகிறார்கள்.

மாடிப்படி

> மணிக்கு எட்டு ஒன்பது

இதற்காக மூன்று மணிக்கு எழ வேண்டுமா சார்? சரி, இருக்கட்டும். ஏன் அதிகாலை? இரவு எட்டு மணிக்கும் இருட்டாகத்தானே இருக்கிறது?

துருவன்

பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மாலையில் நாம் அதன் முதுகுப் பக்கத்தில் இருக்கிறோம். நள்ளிரவு தாண்டினால் முகப்புக்கு வருகிறோம். மழையில் போகிற வண்டியின் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம்தான். அதோடு பெர்சியஸும் அந்நேரம்தான் மேலே ஏறி நிற்கும்.

இந்தத் துகள்கள் எதிர்ப்பக்கமிருந்து வருவதால்தான் வேகமும் அதிகம்: நொடிக்கு 59 கிலோமீட்டர். டிசம்பரில் வரும் ஜெமினிட் 35தான். அதனால் பெர்சீட் சட்டென்று கீறிவிட்டு மறையும், ஜெமினிட் சற்று நிதானமாக ஓடும்.

பதினொரு மணி வாக்கிலும் அபூர்வமாக ஒரு விருந்து உண்டு. மையம் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சில துகள்கள் காற்றுமண்டலத்தை மேலோட்டமாக உரசிக்கொண்டு போகும். அப்போது தீற்றல் வானத்தின் பாதி வரை நீளும், வேகமும் மெதுவாகத் தெரியும். மணிக்கு ஒன்று வந்தாலே பெரிது. ஆனால் அந்த ஒன்று மறக்காது.

வெள்ளிவாசல்

எல்லாரும் சொல்கிறீர்களே, எரிவது எவ்வளவு பெரிய கல்? என் மகன் கேட்கிறான், அது வீட்டு மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று. நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

துருவன்

தைரியமாகச் சொல்லுங்கள், விழாது. பெரும்பாலானவை மணல் துகள் அளவு. நல்ல பிரகாசமாக ஓடுவது பட்டாணி அளவு இருந்தாலே அதிகம். தரையிலிருந்து சுமார் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்திலேயே ஆவியாகிவிடும். பெர்சீட் ஒன்று தரை வரை வந்து விண்கல்லாகக் கையில் கிடைத்ததே இல்லை. பொரிபொரியான வால்நட்சத்திரத் தூசு, அத்தனை வேகத்தில் தாங்காது.

ஊற்றுக்கண் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம். லூயிஸ் ஸ்விஃப்ட், ஹொரேஸ் டட்டில் இருவரும் 1862இல் தனித்தனியே கண்டுபிடித்தது. 133 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கும். கடைசியாக வந்தது 1992, அடுத்தது 2126. ஆகஸ்ட் எரிகற்களும் இந்த வால்நட்சத்திரமும் ஒரே பாதையில் வருகின்றன என்று 1866 வாக்கில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி. எரிகல் பொழிவுக்கும் வால்நட்சத்திரத்துக்கும் உறவு உண்டு என்பது அப்படித்தான் நிலைநின்றது.

உங்கள் மகன் இன்னொன்றும் கேட்பான்: மணல் துகள் இத்தனை வெளிச்சம் தருமா என்று. அளவு சிறிது, வேகம் பெரிது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. துப்பாக்கிக் குண்டைப் போல ஐம்பது மடங்குக்கும் மேலான வேகம் அது. நாம் பார்ப்பது துகளை மட்டும் அல்ல, அதைச் சுற்றிச் சூடேறி ஒளிரும் வாயுவையும் சேர்த்துத்தான்.

ஒளிப்பெட்டி

படம் எடுப்பவர்கள் ஊதிப் பெரிதாக்கியது என்று முதல் பதிவிலேயே ஒரு குத்து விழுந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே படத்தில் நாற்பது ஐம்பது கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து விரிவது போல வருகிறதே, அது ஒரே நொடியில் எடுத்தது இல்லை. இரவு முழுக்க நூற்றுக்கணக்கில் எடுத்து, எரிகல் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி, வானம் சுழன்ற அளவுக்குத் திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. அதைப் படத்தின் கீழே எழுதிவிட்டால் ஏமாற்று இல்லை. எழுதாமல் போடுகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு.

எடுக்க ஆசை உள்ளவர்களுக்கு: 14 முதல் 24 மில்லிமீட்டர் வரை அகல லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்தது, ஐ.எஸ்.ஓ. 1600-3200, ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து இருபது நொடி. ஃபோகஸைக் கையால், ஒரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கிப் பார்த்து வைக்க வேண்டும். தானியங்கியை நம்பினால் இரவு வீண். முக்காலியில் வைத்து, இடைவெளி விடாமல் தானே எடுத்துக்கொண்டே இருக்கும்படி விட்டுவிடுங்கள். லென்ஸில் பனி படர்ந்தால் கவனிக்காமலே இரண்டு மணி நேரம் போய்விடும், அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இருட்டுவாசி

ஒளிப்பெட்டி சொன்னதில் தவறில்லை. ஆனால் முதல் தடவை பார்க்கப் போகிறவர் கேமராவைத் தொடவே வேண்டாம் என்பேன். படம் எடுக்கிறவன் திரையைப் பார்க்கிறான், வானத்தைப் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியம், அந்தத் திரை வெளிச்சம் பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணையும் கெடுக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண், விழித்திரையில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி சேர்ந்துகொண்டே வருவதால் கூர்மை பெறுகிறது. கைபேசியை ஒரு நொடி பார்த்தால் அது சிதைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி" என்பவர் இருபது நிமிடத்தைத் தொலைக்கிறார்.

வெளிச்சம் வேண்டியே ஆக வேண்டும் என்றால் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். உங்கள் காலடி தெரிகிற அளவுக்கு மங்கினால் போதும்.

ஒளிப்பெட்டி

> படம் எடுக்கிறவன் திரையைப் பார்க்கிறான்

அண்ணே, அது பழக்கத்தைப் பொறுத்தது. நான் கேமராவை ஓடவிட்டுவிட்டு, திரையை அணைத்துப் பத்தடி தள்ளிப் போய்ப் படுத்துவிடுவேன். கண் பார்த்ததில் கேமரா தவறவிட்டதும் உண்டு, கேமரா பிடித்ததில் நான் தவறவிட்டதும் உண்டு. குறிப்பாகப் பச்சை நிறம். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது படத்தில் பச்சையில் தொடங்கி வெள்ளையில் முடியும். உயரத்தில் ஆக்சிஜன் ஒளிர்வதால் வரும் பச்சை அது, துருவ ஒளியில் பார்க்கிற அதே பச்சை.

இருட்டுவாசி

சரி, பத்தடி தள்ளி என்றால் சமாதானம்.

மாடிப்படி

எந்தப் பக்கம் பார்ப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. பெர்சியஸையே உற்றுப் பார்க்கணுமா? அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது எனக்கு.

கணக்கன்

வடகிழக்கில், டபிள்யூ எழுத்து போல ஐந்து விண்மீன்கள் தெரிந்தால் அது காசியோபியா. அதற்குக் கொஞ்சம் கீழே பெர்சியஸ். ஆனால் அங்கேயே வெறிக்காதீர்கள். மையத்துக்கு அருகில் வருபவை நேராக நம்மை நோக்கி வருவதால் குட்டையாக, சில சமயம் வெறும் புள்ளியாக மின்னி அணையும். மையத்திலிருந்து நாற்பது ஐம்பது டிகிரி தள்ளிப் பார்த்தால் நீளமாக ஓடும். கையை நீட்டி மடக்கிய முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. நாலைந்து முஷ்டி தள்ளினால் சரி.

உண்மையில் இதைவிட முக்கியம், எந்தப் பக்கம் இருட்டு அதிகமோ அந்தப் பக்கம் பார்ப்பது. வடக்கே நகர வெளிச்சம் மஞ்சளாகப் படர்ந்திருந்தால் தெற்கே திரும்பிப் படுங்கள். பாதையைப் பின்னோக்கி நீட்டினால் பெர்சியஸில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் பெர்சீட். இல்லையென்றால் எந்தக் கூட்டத்திலும் சேராத உதிரி. அதிகாலையில் அதுவும் மணிக்கு நாலைந்து வரும்.

தென்திசை

நான் இருப்பது தெற்கே 35 டிகிரியில். எனக்கு இப்போது கோடையும் இல்லை, பெர்சியஸும் இல்லை. வயிற்றெரிச்சலோடு இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

துருவன்

மையம் வடக்கே 58 டிகிரியில் இருப்பதால் தெற்கே 32 டிகிரியைத் தாண்டினால் எழவே எழாது, உண்மைதான். ஆனால் ஜூலை 30-31ஐ ஒட்டி டெல்டா அக்வாரிட் வருகிறதே, அது உங்களுக்கு வடக்கத்தியர்களைவிட உயரத்தில் நிற்கும். எண்ணிக்கை குறைவு, மங்கலும்கூட. அதே நாட்களில் ஆல்ஃபா கேப்ரிகார்னிட் என்று ஒன்று உண்டு: மணிக்கு இரண்டு மூன்றுதான், ஆனால் நொடிக்கு 23 கிலோமீட்டர் என்பதால் ஆற அமர ஓடும், நடுவில் பெரிய தீக்கோளமாக வெடிப்பதும் உண்டு. மே மாதத் தொடக்கத்தில் ஹேலி வால்நட்சத்திரத்தின் தூசு வருகிறது, ஈட்டா அக்வாரிட். அதில் தெற்கத்தியர்கள்தான் ராஜா.

செவிவழி

ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். பெரிதாக ஒன்று ஓடியபோது "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கேட்டதாக என் மாமா சத்தியம் செய்கிறார்.

கணக்கன்

நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலி தரைக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். ஓடும்போதே கேட்டது என்றால் அது அங்கிருந்து வந்த ஒலி அல்ல. பெரும்பாலும் மூளை சேர்த்துக்கொள்வது.

இருட்டுவாசி

அவ்வளவு சுலபமாக மாமாவைத் தள்ளிவிடாதீர்கள். இப்படிக் கேட்டதாகச் சொன்னவர்கள் பல நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒரு வழி சொன்னது: பௌர்ணமி நிலா அளவுக்குப் பிரகாசமான தீக்கோளத்தின் ஒளி வேகமாகத் துடிக்கும்போது, அருகிலுள்ள இலை, தலைமுடி, கருநிறத் துணி போன்றவை லேசாகச் சூடேறித் தணிந்து பக்கத்துக் காற்றை அதிரவைக்கலாம். ஒலி பிறப்பது நம் காதருகிலேயே. எல்லாரும் ஏற்றுக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண பெர்சீட்டுக்கு இது பொருந்தாது, மாமா பார்த்தது அசாதாரணமானது என்றால் யோசிக்கலாம்.

செவிவழி

ஊரே பகல் மாதிரி ஆகிவிட்டது என்கிறார். அப்படியானால் மாமாவுக்குப் பாதி வெற்றி.

விண்ணோடம்

கொஞ்சம் திசை மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வால்நட்சத்திரம் 1992இல் வந்துபோனதால் 1993 ஆகஸ்டில் பொழிவு கடுமையாக இருக்கும் என்று அஞ்சி, டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் எஸ்.டி.எஸ்.-51 பயணத்தை நாசா தள்ளிவைத்தது. அதே ஆகஸ்டில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஒலிம்பஸ் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்தது, பெர்சீட் துகள் பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. நமக்கு வேடிக்கை, மேலே சுற்றுகிறவற்றுக்கு வேதனை.

வெள்ளிவாசல்

மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது? ஆகஸ்ட் என்றாலே அந்தப் பயம்தான்.

இருட்டுவாசி

முதலில், ஓட்டை மேகமாக இருந்தால் படுக்கையைச் சுருட்டாதீர்கள். அரை மணியில் விலகிய வானங்களை நிறையப் பார்த்தாயிற்று. முழுக்க மூடினால் வானொலி இருக்கிறது. எரிகல் போகும் வழியில் மின்னூட்டம் பெற்ற காற்று ஒரு நொடிக்கு ஒளிக்கண்ணாடி போல வேலை செய்து, அடிவானத்துக்கு அப்பாலுள்ள எஃப்.எம். நிலையத்தின் அலையை நம் பக்கம் திருப்பிவிடும். உள்ளூரில் யாரும் ஒலிபரப்பாத, ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒலிபரப்பாகிற அலைவரிசை அமைய வேண்டும். இரைச்சலுக்கு நடுவே சட்டென்று அரை வார்த்தையோ ஒரு துணுக்கு இசையோ வந்து போனால், அது ஓர் எரிகல். பகலிலும் கேட்கலாம். எஃப்.எம். நிலையங்கள் நெருக்கியடிக்கும் இடங்களில் காலி அலைவரிசை கிடைப்பதுதான் பாடு.

மாடிப்படி

சரி, எழுந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். மொட்டைமாடிக்கு நேர் எதிரே ஒரு தெருவிளக்கு. வெளியூர் போக வாய்ப்பில்லை. கடைசியாக இரண்டு கேள்வி: விளக்கை என்ன செய்வது? 12ஆம் தேதி இரவு மேகம் என்றால் அடுத்த நாள் பார்த்தால் ஆகுமா?

கணக்கன்

தண்ணீர்த் தொட்டியோ கைப்பிடிச் சுவரோ, விளக்கு நேராகக் கண்ணில் படாமல் மறைக்கிற ஒன்றின் நிழலில் படுங்கள். வானத்தின் பொதுவான வெளிச்சத்தை ஒன்றும் செய்ய முடியாது, கண்ணில் நேராக அடிக்கிற ஒளியை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள். தூரப் பார்வை மங்கினால் மங்கலான எரிகற்கள் முதலில் காணாமல் போகும். முதுகுக்குக் கீழே பாய், மேலே போர்வை. மூன்று மணிக் குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

தேதிக்கு: உச்சம் 12-13 இரவு. 11-12 அதிகாலையும் நன்றாகவே இருக்கும், அதனால் அன்றே ஒருமுறை எழுந்து ஒத்திகை பார்த்துவிடலாம். 13-14இல் பாதியாகக் குறைந்திருந்தாலும் நிலா இல்லாததால் பார்க்கலாம். அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கிவிடும்.

துருவன்

2027ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 17 பௌர்ணமி, எனவே 12-13 இரவில் வளர்பிறை நிலா முன்னிரவைக் கெடுக்கும். ஆனால் நள்ளிரவு தாண்டி அது மறைந்ததும் அதிகாலை நமக்கு மிச்சம்.

மாடிப்படி

11ஆம் தேதி இரவுக்கு இப்போதே அலாரம் வைத்துவிட்டேன், அதாவது 12 அதிகாலை மூன்று மணி. எண்ணிக்கையை இங்கேயே போடுகிறேன், வானம் எந்த ஒளியளவு வரை தெரிந்தது என்பதையும் சேர்த்து. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

கணக்கன்

துருவ விண்மீன் ஏறத்தாழ 2ஆம் ஒளியளவு. அதிலிருந்து தொடங்குகிற சிறு கரண்டியில் (ஏழு விண்மீன்கள்) கடைசி இரண்டும் 2, 3. நடுவில் இருப்பவை 4ஐ ஒட்டி, மிக மங்கலானது 5. ஏழும் தெரிந்தால் 5 என்று போடுங்கள். நடுவில் ஓட்டை விழுந்தால் 4. அந்தக் கரண்டி முன்னிரவில்தான் உயரத்தில் இருக்கும், வடக்கே 10 டிகிரியில் இருப்பவருக்கு அதிகாலையில் அடிவானத்துக்குள் போய்விடும். அதனால் படுக்கப் போகும் முன், எட்டு மணி வாக்கில் பார்த்துக் குறித்துவையுங்கள்.